நவமணியம்மாள் வீட்டுத் திருவிருந்து

நான் சொல்லப்போகும் கதையில் மூன்று நல்லவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சேர்ந்து செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். அவசரப்பட மட்டும் வேண்டாம்.

எங்கள் சபையில் நவமணியம்மாள் என்றொரு விதவை. இரண்டு கண்ணும் அவிந்து, ஈரலில் கட்டி வந்து, படுக்கையில் கிடந்தாள். மகள் புஷ்பலீலாதான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். மகன் செல்வின் பதினொரு வருடமாக ஆலய வாசலை மிதிக்காதவன். சும்மா ஒன்றும் இல்லை. அவனுடைய நான்கு வயது மகள் காய்ச்சலில் போனபோது, சவப்பெட்டியை மூடுமுன் இந்த நவமணியம்மாளே, "அழாதல! பிள்ள மோட்சத்துலதான இருக்கு? அழுதா விசுவாசம் இல்லன்னு ஆயிரும்" என்று அதட்டினாள். சுற்றி நின்றவர்கள் ஆமென் போட்டார்கள். பெற்றவனை ஒரு பாட்டம் அழக்கூட விடவில்லை, பாவிகள்! அன்றைக்கு எழுந்து போனவன்தான்.

இப்போது சாகக் கிடக்கும் தாய்க்கு ஒரே ஆசை, மகனோடு ஒரு தடவை திருவிருந்து, அதாவது இயேசுவின் நினைவாகக் குரு கொடுக்கும் அப்பமும் ரசமும், வாங்க வேண்டும். "அவன் வாங்கிட்டா நிம்மதியாப் போயிருவேன். அங்க போயி அவனைத் தேட வேண்டாம் பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐயர் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கம் சபைக் குருவை அப்படித்தான் சொல்வோம். மூன்று பேருக்கு அப்பமும் திராட்சை ரசமும் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்குத் துணையாக இருக்கும் உபதேசியாராகிய நான் பின்னால் போனேன். செல்வினும் வந்திருந்தான்.

அப்பம் கொடுக்கும்போது அதற்குரிய வார்த்தைகளை ஆளுக்கு ஒரு தடவை சத்தமாகச் சொல்வது எங்கள் வழக்கம். ஐயர் தாய்க்கு அந்த வார்த்தைகளைச் சொல்லி அப்பத்தைக் கொடுத்தார். மகளுக்கும் அப்படியே சொல்லி அப்பத்தைக் கொடுத்தார். மகனிடம் வந்தபோது அவன் கையை நீட்டாமல் தலையை அசைத்தான். நம்பாததை வாங்கி வாயில் போடுவது தாயையும் ஏமாற்றுவது, கடவுளையும் ஏமாற்றுவது என்பது அவன் எண்ணம்.

நவமணியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். புஷ்பலீலாவுக்குப் பொறுக்கவில்லை. "எம்மா, தம்பியும் வாங்கிட்டான்!" என்றாள். சாகிறவள் சந்தோஷமாகச் சாகட்டும் என்று ஐயர் பேசாமல் பெட்டியை மூடினார்.

 தாய் மகன் கையைத் தேடிப் பிடித்து, "அன்னைக்கு ஒன்ன அழ விட்டிருக்கணும், மக்கா" என்றாள். நாங்கள் கிளம்பும்போது, "ஐயா, மிச்ச அப்பம் பத்திரம்" என்றாள். நோயின் வேகத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து, "சரிம்மா, சரிம்மா" என்றார் ஐயர். மிஞ்சியதைச் சேர்த்துவைக்கக் கூடாது, குருவே உண்டுவிட வேண்டும் என்பது எங்கள் முறை. தெருமுனையிலேயே அதை வாயில் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை நவமணியம்மாள் போய்விட்டாள்.

பொய் சொல்லாத மகன், தாயின் மனம் குளிரப் பொய் சொன்ன மகள், யாரையும் நோகடிக்காத ஐயர். இவர்களில் நித்தியத்தை, அதாவது சாவுக்கு அப்பால் இருப்பதை, கண்முன் வைத்து நடந்தவர் யார்?

விடை: மூவரில் ஒருவரும் இல்லை. மகனுக்குத் தன் நேர்மை பெரிதாக இருந்தது. மகளும் ஐயரும் அவளுக்கு மிச்சமிருந்த நாலு நாளைத்தான் பார்த்தார்கள். நவமணியம்மாளுக்குக் கண்தான் இல்லை, காது இருந்தது. ஐயர் அந்த வார்த்தைகளை இரண்டு தடவைதான் சொன்னார். மகன் வாங்கவில்லை என்று தெரிந்தே, ஒரு காலத்தில் மோட்சத்தைக் காட்டி அவன் வாயை அடைத்தவள், அன்றைக்கு அடைக்கவில்லை. மன்னிப்புப்போல ஒரு வார்த்தை சொன்னாள். அவன் என்றைக்காவது வருவான் என்று அவனுடைய பங்கை எடுத்துவைக்கச் சொன்னாள். நாலு நாளும் அவளிடம் நிஜத்தைப் பேச ஒரு ஆள் இல்லை. பெட்டி தூக்கிய எனக்கும் அடக்கம் முடிந்துதான் உறைத்தது.

ஒரு மாதம் கழித்து செல்வினிடம் இதைச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதான். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்து, "உபதேசியாரே, அந்த அப்பம் எங்க?" என்று கேட்டான்.