பெருச்சாளிகளுக்கு ஒரு மதில்

கிழங்கு தின்ன வரும் பெருச்சாளிகளின் வளைகளை மூடி மூடியே தோட்டக்காரி பேச்சித்தாய்க்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டு முதலாளி, ஓய்வுபெற்ற தாசில்தார் வன்னியநாதனோ, மண்ணுக்கடியிலும் கருங்கல் இறக்கி மதில் கட்டினார். அப்புறமும் மரவள்ளிக் கிழங்கு காணாமல்தான் போனது.

விருந்தாளிகளுக்கு மதிலைச் சுற்றிக் காட்டியவர், கிழங்கு பறிபோன செடியைக் கண்டதும் பேச்சித்தாயிடம் சீறினார்.

“பெருச்சாளி உள்ளே வர வழியே இல்ல. அப்போ திருடுறது நீதான். நாளையிலேர்ந்து வராதே!”

திருடி என்ற பட்டத்தோடு போனால் அந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? பேச்சித்தாய் மெதுவாக நிமிர்ந்தாள்.

“உள்ளே வர வழியில்ல, சரிங்கய்யா. வெளியே போக?”

“எறும்புகூடப் போகாது!” பெருமையாக மதிலைத் தட்டினார்.

“அப்போ மதில் கட்டுறப்ப வளைக்குள்ள படுத்திருந்ததெல்லாம் எங்கய்யா போயிருக்கும்?”

தட்டிய கை அப்படியே நின்றது. விருந்தாளி ஒருவர் சிரிப்பை மறைக்க இருமினார்.

“முன்னே வேலி வழியா தெருநாய் வந்து பிடிச்சுட்டுப் போகும். இப்ப அதுவும் வர முடியல. இத்தனை பத்திரமா அதுக என்னிக்கும் இருந்ததில்லீங்க.”

தாசில்தாரின் குரல் இறங்கியது. “சரி, நாளைக்கு வா. என்ன செய்யணும்னு சொல்லு.”

“நாய் நுழையுற அளவுக்கு மதிலை உடைக்கணும். அதுக்கு மட்டும் வேற ஆளைப் பாருங்கய்யா, எனக்கு இடுப்பு வலிக்குது.”