ஆமை முதுகில் ஏறிய பரம்பரை

அந்தக் காலத்தில் விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுதான். நரி பேசினால் ஆமைக்குப் புரியும், ஆமை பேசினால் மனிதருக்குப் புரியும். எல்லாம் புரிந்துவிடுவதால் சண்டையும் இப்போது இருப்பதைவிட அதிகம். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழி அப்போது பிறந்திருக்கவில்லை. ஆகவே ஆமைகள் எல்லார் வீட்டுக்கும் தாராளமாகப் போய்வந்தன. போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பது வேறு விஷயம்.

தெற்கே செம்மண் தேரிக்காட்டில், உடைமரங்களின் அடியில், முப்பது ஆமைகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றின் ஓடு அன்று வெறும் மஞ்சள். கோடு இல்லை, புள்ளி இல்லை. முகத்தைப் பார்த்தால்தான் யார் எவர் என்று தெரியும். நரி வந்துவிட்டால் முகமும் உள்ளே போய்விடும். அப்புறம் முப்பது மஞ்சள் மேடுகள்தான் மிச்சம்.

பேர் சொல்லிக் கூப்பிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். கூப்பிடலாம், பதில் வராது. நரி எந்தக் குரலிலும் பேசும். அதிலும் பெண்டாட்டி குரலில் மிக நன்றாகப் பேசும். அந்தக் குரலை நம்பித் தலையை நீட்டிய சிலர் அதற்குப் பிறகு எதையும் நீட்டவில்லை. எனவே யார் கூப்பிட்டாலும் இரண்டு நாள்வரை மூச்சுக் காட்டாமல் கிடப்பது ஆமைகளின் வழக்கம்.

அந்தக் கூட்டத்தில் அடைக்கலம் என்று ஓர் ஆமை. அவன் மனைவி பேச்சி. ஒருநாள் பேச்சி கள்ளிப்பழம் பொறுக்கப் போயிருந்தபோது நரி வந்துபோனது. திரும்பி வந்தவள் இருபத்தொன்பது மேடுகளைப் பார்த்தாள். கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை. உருவத்தை வைத்து இவர்தான் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தலையால் முட்டி முட்டி வீடுவரை தள்ளிக்கொண்டு போனாள். பாவம், பயந்திருக்கிறார் என்று ஓட்டின் வாசலில் பழங்களை வைத்தாள். வைத்த பழமெல்லாம் உள்ளே போனது. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள் தலை வெளியே வந்தது. அது அடைக்கலத்தின் சித்தப்பா சுடலை.

"ஏன் மாமா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள் பேச்சி. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"நீ யாருன்னு கேக்கலயே தாயி. பழமும் நல்லா இருந்துச்சு" என்றார் சுடலை.

அடைக்கலம் அந்த இரண்டு நாளும் நரி வந்த இடத்திலேயே பட்டினியாகக் கிடந்து, தானாக வீடு வந்து சேர்ந்தான். வந்தவனைப் பேச்சி உட்காரக்கூட விடவில்லை.

"மாமனாருக்கு ரெண்டு நாளு விருந்து வச்சிருக்கேன். ஊரே சிரிக்கி. இதோட இது மூணாவது தடவ. போன தடவ உங்க மாமாவ இழுத்துட்டு வந்தேன், அதுக்கு முந்தி ஒரு பாறாங்கல்ல. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

"போனா எப்பம் வருவ?"

"போறதுக்கு மூணு மாசம், வாரதுக்கு மூணு மாசம். அவ்வளவு தூரம் நடந்தவ எதுக்குத் திரும்பி வரணும்?"

பேச்சி பொய்யாக மிரட்டுகிறவள் அல்ல. அவள் இல்லாத உடைமரத்தடியை அடைக்கலம் நினைத்துப் பார்த்தான். நரியே தேவலை என்று தோன்றியது.

அந்த வாரம் பக்கத்துப் பனங்காட்டில் கோயில் கொடைத் திருவிழா. கொடைக்கு வருகிறவர்களுக்குப் பச்சை குத்த சடச்சி என்ற பெண் ஊசிக் கட்டும் மைச் சிரட்டையுமாக வந்து இறங்கியிருந்தாள். விளக்குக் கரியை அகத்திச் சாற்றில் குழைத்த மை. கைகளில் தேள் குத்தினாள், மீன் குத்தினாள், கோலம் குத்தினாள். மூன்று நாள் இருப்பாள், பிறகு வண்டியேறி அடுத்த ஊர் போய்விடுவாள் என்று காகம் சொன்னது. குத்தினால் சாகும்வரை அழியாது என்றும் சொன்னது.

"அதுதான் வேணும்" என்றான் அடைக்கலம். பேச்சியோடு உடனே கிளம்பினான். போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. இருவர் மட்டும் போயிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் ஆமைக் குலத்தில் ஒருவனுக்கு நல்லது நடக்கப் போகிறது என்றால் உறவு முழுதும் கூடவே வரும். சித்தப்பா சுடலை வந்தார், அத்தை மாடத்தி வந்தாள், தாய்மாமன் கொம்பையா வந்தார், அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள்.

சடச்சி கடைசி நாள் காலையில் பனைநிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். ஆமைக்குப் பச்சை குத்த வேண்டும் என்றதும் அவள் ஆச்சரியப்படவில்லை. போன வருஷம் ஒரு கழுதை வந்து நெற்றியில் நாமம் கேட்டதாம்.

"என்ன உருவம் குத்தணும் அண்ணாச்சி?"

"ஒரு புள்ளி போதும்" என்றாள் பேச்சி. "நடு முதுகுல ஒரே ஒரு புள்ளி. எனக்கு இவர அடையாளம் தெரிஞ்சாச் சரி."

சுடலை தொண்டையைச் செருமினார். "புள்ளியா? எறும்பு கடிச்ச மாதிரி ஒரு புள்ளிய வச்சிட்டுப் போனா நாலு பேரு என்ன நெனைப்பாக? பச்சைன்னா அதுல நம்ம பரம்பரை தெரியணும். சிங்கத்தக் குத்து தாயி. எங்க பூட்டன் சிங்கத்த விரட்டுனவரு."

"விரட்டினாரா?" என்றாள் சடச்சி.

"சிங்கம் வந்து மோந்து பாத்துச்சு. பூட்டன் உள்ளேயே இருந்தாரு. சிங்கம் போயிட்டு. இதுக்குப் பேரு விரட்டுறதுதான்."

மாடத்தி அத்தை குறுக்கிட்டாள். "சிங்கமும் வேண்டாம் அசிங்கமும் வேண்டாம். தாமரை குத்து. எங்க பாட்டி ஒரு வருசம் தாமரைக் குளத்துல வாழ்ந்தவ."

"தரை ஆமைக்குக் குளத்துல என்ன வேல?" என்றார் சுடலை.

"விழுந்துட்டா. ஏற முடியல. ஆனா வாழ்ந்தாளா இல்லையா?"

தாய்மாமன் கொம்பையா அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் முடிக்க மாட்டார் என்பதால் ஊரில் யாரும் அவரை எழுப்புவதில்லை. "தேர்ச் சக்கரம்" என்றார். "எங்க தாத்தா மேல சாமி தேரு ஏறிச்சு. தாத்தாவுக்கு ஒண்ணும் ஆவல. தேருதான் குடை சாஞ்சுது. அந்தச் சக்கரம் இல்லாம இந்த மருமவன் முதுகுல எதுவும் ஏறக் கூடாது."

பின்வரிசையில் இருந்து மயில் தோகை என்று ஒரு குரல் வந்தது. சூரியன் என்று இன்னொரு குரல். அவர்களுக்கும் தாத்தாக்கள் இருந்தார்கள்.

அடைக்கலம் பேச்சியைப் பார்த்தான். பேச்சி வானத்தைப் பார்த்தாள். பெரியவர்கள் மனம் கோணக் கூடாது என்று நினைக்கும் நல்ல பிள்ளை அவன். நல்ல பிள்ளைகளால்தான் உலகத்தில் பாதிக் குழப்பம். "எல்லாத்தயும் குத்திருங்க" என்றான். "முதுகுல மேடு மேடா எடம் கெடக்கு. மேட்டுக்கு ஒண்ணா வச்சாச் சரியாப் போவும்."

சடச்சி ஓட்டைத் தடவிப் பார்த்தாள். "இந்த மஞ்ச நல்லா இருக்கு. புள்ளியயும் கோட்டயும் மஞ்சளாவே விட்டுட்டு, சுத்தி மையக் குத்துதேன். வலிச்சாச் சொல்லுங்க. வலி தெரியாம இருக்கப் பாட்டுப் படிப்பேன்."

அடைக்கலம் அலறினான்.

"அண்ணாச்சி, நான் இன்னும் ஊசியவே எடுக்கல."

சடச்சிக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. எந்த உருவமானாலும் நடுவில் ஒரு புள்ளியை வைப்பாள். புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கோடு இழுப்பாள். கண், மூக்கு, விளிம்பு எல்லாம் கடைசியில்தான். நடு மேட்டில் சிங்கத்தைத் தொடங்கினாள். புள்ளி வைத்தாள், சுற்றிலும் பிடரி மயிரை இழுத்தாள். முகம் போட வேண்டிய நேரத்தில் மாடத்தி அத்தை எழுந்தாள்.

"நடுவுல சிங்கம், என் தாமரை ஓரத்துலயா? எங்க பாட்டி என்ன கேவலமா?"

சுடலைக்கும் மாடத்திக்கும் வாக்குவாதம் முற்றியது. வண்டிக்காரன் சாயங்காலம் வந்துவிடுவான், சும்மா இருக்க முடியாது என்று சடச்சி அடுத்த மேட்டில் தாமரையைத் தொடங்கினாள். புள்ளி, சுற்றிலும் இதழ். தாமரை விரிந்ததா மொட்டா என்று அதில் ஒரு சண்டை. அதை அப்படியே விட்டு மூன்றாம் மேட்டுக்குப் போனாள். புள்ளி, சுற்றிலும் சக்கரத்தின் ஆரக்கால். விளிம்பு போடப் போகும்போது கொம்பையா ஆரக்கால்களை எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கவில்லை. மயில் வந்தது, தோகையோடு நின்றது. சூரியன் வந்தது, அதன் கதிர் போதவில்லை என்று ஒரு பாட்டனாரின் பேரன் கோபித்துக்கொண்டான். மேட்டுக்கு மேடு இப்படியே போனது. பொழுது சாய்ந்தபோது மேடுகள் தீர்ந்திருந்தன. ஒரு படமும் முடிந்திருக்கவில்லை.

வண்டி வந்து நின்றது. சடச்சி ஊசியைத் துடைத்து முடிந்துகொண்டாள். "இனி அடுத்த கொடைக்குத்தான். குத்துனது அழியாது, குத்தாதது சேராது" என்று சொல்லி ஏறிப் போய்விட்டாள்.

உறவெல்லாம் சுற்றி நின்று பார்த்தது. கறுப்பு ஓட்டில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் புள்ளி, புள்ளியைச் சுற்றி மஞ்சள் கோடு. ஒரு மேட்டுக்கும் இன்னொரு மேட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"சிங்கம் தத்ரூபம்" என்றார் சுடலை. "முதுகு பூரா சிங்கம்."

"தாமரைத் தடாகம்" என்றாள் மாடத்தி.

"எல்லாம் சக்கரம்தான்" என்றார் கொம்பையா. "எண்ணிப் பாத்துட்டேன்."

அந்த முதுகைப் பார்க்க முடியாத ஒரே ஆள் அடைக்கலம்தான். "பேச்சி, என்ன இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கோடு கோடா இருக்கு" என்றாள் பேச்சி. "ஆனா நூறு ஆமைக்கு நடுவுல கெடந்தாலும் இனி எனக்குத் தெரியும்." அதைக் கேட்டதும் அடைக்கலத்துக்கு அத்தனை ஊசியும் மறந்துபோனது.

அந்த வருஷம் நான்கு தடவை நரி வந்தது. நான்கு தடவையும் பேச்சி நேராக வந்து தன் கணவனின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். சந்தோஷமாக இருப்பவர்களைப் பார்த்தால் மற்றவர்களுக்குச் சும்மா இருக்கத் தோன்றாது.

அடுத்த கொடைக்குப் பத்து நாள் முன்னாடியே ஆமைக் கூட்டம் பனங்காட்டுக்கு நடக்கத் தொடங்கியது. எல்லாருக்கும் அதே பச்சை வேண்டுமாம்.

"மாமா, நீங்க வேற ஏதாச்சும் குத்திக்கிடுங்களேன். மீனு, தேளு..." என்று பேச்சி கெஞ்சினாள்.

"என் சிங்கத்த உன் புருசன் முதுகுல ஒரு வருசம் இரவல் விட்டிருந்தேன். இப்பம் நான் மீனக் குத்திக்கிட்டு அலையணுமா?" என்றார் சுடலை. மாடத்தியிடம் போனாள். தாமரையை விட முடியாது என்றாள் அவள். கொம்பையாவை எழுப்பவே இல்லை. சடச்சிக்கும் இந்த முறை கை பழகியிருந்தது. சண்டைக்கே இடம் கொடுக்காமல் மூன்று நாளில் இருபத்தெட்டு முதுகிலும் அச்சுப் பிசகாமல் அதையே குத்திவிட்டாள். தனக்கு வேண்டாம் என்று நின்ற பேச்சியையும் உறவு விடவில்லை. நீ மட்டும் பரம்பரை இல்லாதவளா என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

கொடை முடிந்த மூன்றாம் வாரம் நரி வந்தது. பேச்சி அப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தாள். அவள் வந்து பார்த்தபோது இருபத்தொன்பது ஓடுகள். இருபத்தொன்பதிலும் அதே புள்ளி, அதே கோடு. சுற்றிச் சுற்றி வந்தாள். கூப்பிட்டாள். பதில் இல்லை. நரி புதருக்குப் பின்னால் படுத்து, வாலைக்கூட ஆட்டாமல், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

பேச்சிக்குக் கால் ஓய்ந்துவிட்டது. "போதும். நான் போறேன்" என்று பொதுவாகச் சொன்னாள். தன் அம்மா வீடு இருக்கும் திசைக்குத் திரும்பி நடக்கவும் தொடங்கினாள்.

ஓட்டுக்குள் அடைக்கலம் அதைக் கேட்டான். இது நரியாக இருக்கலாம். நரிக்குப் பெண்டாட்டி குரல் கைவந்த கலை. ஆனால் நரி எப்போதும் வா என்றுதான் கூப்பிடும். போகிறேன் என்று கோபித்துக்கொள்ள நரிக்கு என்ன வந்தது? போகிறவள் பேச்சியேதான். யோசித்துக்கொண்டே இருந்தால் அவள் உடைமரத்தைத் தாண்டிவிடுவாள்.

அடைக்கலம் தலையை நீட்டினான். "ஏ பேச்சி, இங்கன இருக்கேன்."

நரி பாய்ந்தது. அடைக்கலம் தலையை இழுத்தான். ஆமையின் வேகத்தில் இழுத்ததால் மூக்கு நுனியில் ஒரு பல் பட்டுவிட்டது. மீதி தப்பியது. நரி அவனைப் புரட்டிப் பார்த்தது, கடித்துப் பார்த்தது. பல் வலித்ததுதான் மிச்சம் என்று போய்விட்டது. பேச்சி அந்த ஓட்டின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நடந்து வந்தாள். தூரம் அதிகமில்லை என்றாலும் வெகுநேரம் ஆனது.

"தெரிஞ்சுதா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"தெரிஞ்சுது. பேசாம உள்ள இருங்க" என்றாள். அவனை ஒட்டி உட்கார்ந்து அழுதாள். அம்மா வீட்டுப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

அடைக்கலத்தின் மூக்கில் ஒரு சின்னத் தழும்பு நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பேச்சி உறவில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. விட்டிருந்தால் மறுநாளே நரிப்பல்லும் பரம்பரைப் பெருமை ஆகியிருக்கும், வரிசையில் முதல் ஆளாக சுடலை நின்றிருப்பார். ஆனால் அடைக்கலம் தலையை நீட்டியதை எல்லா மனைவிமார்களும் கேள்விப்பட்டுவிட்டார்கள். எனக்காக நீங்களும் தலையை நீட்டுவீர்களா என்று அவரவர் வீட்டில் கணவன்மார்களுக்குப் பேச்சு விழுந்தது.

தேரிக்காட்டு ஆமைகள் அன்று முதல்தான் ஒரே மாதிரி நட்சத்திரங்களை முதுகில் சுமந்து திரிகின்றன. பயந்து சுருங்கிய ஆமை, காலை நீட்டுவதற்கு முன் தலையை மட்டும் கொஞ்சம் நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பதும் அன்று முதல்தான். நரி போய்விட்டதா என்று பார்ப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அது பெண்டாட்டி போய்விட்டாளா என்று பார்க்கிறது.