புர்லாவியாவின் படை நவீனமான விதம்

ஐரோப்பாவில் புர்லாவியா என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும் யாரோ டீ சிந்திய கறை என்றுதான் நினைப்பீர்கள். அந்த நாட்டுக்கு ஒரு ராணுவமும் இருந்தது. சிப்பாய்கள் கொஞ்சம், அதிகாரிகள் ஏராளம். அணிவகுப்பு நடந்தால் சல்யூட் வாங்கிக்கொள்ள மேடை கொள்ளாத கூட்டம் நிற்கும். சல்யூட் வைக்கத்தான் ஆள் போதாது.

தளபதியின் பெயர் ஜெனரல் ஓட்டோகர் பிம்பெல். அவருடைய அப்பாவும் தளபதி, தாத்தாவும் தளபதி. ஆகவே மூளையைப் பயன்படுத்த வேண்டிய அவசியம் அந்தக் குடும்பத்தில் வெகு காலமாக யாருக்கும் வந்ததில்லை. மார்பின் இடது பக்கம் முழுக்கப் பதக்கங்கள். ஒன்று, குதிரையிலிருந்து விழாததற்காக. இன்னொன்று, விழுந்தும் அழாததற்காக. அந்தப் பாரத்தில் மனிதர் எப்போதும் இடது பக்கமாகச் சாய்ந்தே நடப்பார். வலது பக்கமும் பதக்கம் நிரம்பிவிட்டால் நேராக நடக்கலாமே என்பது அவருடைய வாழ்நாள் ஆசை.

அவருக்கு இரண்டு கைகளாக இரண்டு பேர். ஒருவர் கர்னல் விராட்கோ. மற்றவர் அட்மிரல் லூத்தெக். புர்லாவியாவுக்குக் கடலே கிடையாது. ஆனாலும் அட்மிரல் உண்டு. கேட்டால், "திடீரென்று கடல் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார்.

ஒரு நாள் காலை லெஸ்கா ஆற்றுக்கு அக்கரையில், பக்கத்து நாடான கிரோவினாவின் படை வந்து கூடாரம் அடித்தது. பாதுகாப்பு அமைச்சர் இர்மினா டோஸ்க் அம்மையார் பிம்பெலைக் கூப்பிட்டார்.

"ஜெனரல், அவன் எந்த நேரமும் உள்ளே வருவான். நம் படையை உடனே நவீனப்படுத்த வேண்டும். முதல் வேலையாக, அந்தப் பழைய துப்பாக்கி, பீரங்கிகளை எல்லாம் தலைமுழுகுங்கள். மற்றதை அப்புறம் சொல்கிறேன்."

"ஆகட்டும் அம்மணி," என்று விறைப்பாகச் சல்யூட் வைத்துவிட்டு வெளியே வந்த பிம்பெல், வாசலிலேயே நின்றுவிட்டார். துப்பாக்கியைத் தலைமுழுக வைக்கலாம். பீரங்கியை எப்படி?

ஆற்றங்கரையில் ஆலோசனை நடந்தது.

"பீரங்கிக்குத் தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார் பிம்பெல்.

"வாய் இருக்கிற பக்கம்தான் தலை," என்றார் விராட்கோ.

"அப்படிச் சொல்ல முடியாது. என் மாமனாருக்கு வாய் வேறு எங்கேயோ, தலை வேறு எங்கேயோ இருக்கிற மாதிரிதான் தோன்றும்," என்றார் லூத்தெக்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. எதற்கு வம்பு என்று பீரங்கிகளை முழுசாகவே ஆற்றில் இறக்கிவிட முடிவு செய்தார்கள். சிப்பாய்கள் ஒவ்வொன்றுக்கும் சோப்புப் போட்டார்கள். சோப்புப் போட்ட பீரங்கி வழுக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக அவை மடுவுக்குள் போய்ச் சேர்ந்தன. பின்னாலேயே துப்பாக்கிகளும் போயின. அக்கரையில் கிரோவினாச் சிப்பாய்கள் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பார்த்தீரா, எப்படி மிரண்டு நிற்கிறான்!" என்று பிம்பெல் மீசையைத் தடவிக்கொண்டார்.

செய்தி கேட்ட அமைச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடந்தது நடந்துவிட்டது, புதுசாகவாவது ஏதாவது செய்வோம் என்று அடுத்த உத்தரவைப் போட்டார். "இன்றைக்கு எல்லா நாடுகளிலும் ஆளில்லா விமானம்தான். நமக்கும் ஆளில்லா விமானம் வேண்டும். என்ன ஏற்பாடு என்று பார்த்துச் சொல்லுங்கள்."

பிம்பெலுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு சுலபமான வேலையா! விராட்கோவையும் லூத்தெக்கையும் கூட்டிக்கொண்டு நேராக விமானதளத்துக்குப் போனார். அங்கே ஓடுபாதையில் ஒரு விமானம் கிளம்பத் தயாராக நின்றது. உள்ளே விமானி காஸ்பர் உட்கார்ந்திருந்தான்.

"இறங்குமய்யா," என்றார் பிம்பெல்.

காஸ்பர் இறங்கினான்.

"ஆயிற்று. இப்போது இது ஆளில்லா விமானம்," என்று கையைத் தட்டித் தூசியைப் போக்கிக்கொண்டார் பிம்பெல். "பறக்கட்டும்."

விமானம் பறக்கவில்லை. மூவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வெயில் ஏறியது.

"நாம் இங்கே நிற்கிறோம் இல்லையா? ஆள் பக்கத்தில் இருந்தால் அது ஆளில்லா விமானம் ஆகுமா?" என்று ஐயம் எழுப்பினார் விராட்கோ.

உடனே தளத்தில் இருந்த அத்தனை பேரும், சமையல்காரர் உட்பட, வெளியே ஓடிப்போய் வேலிக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்கள். அப்போதும் பறக்கவில்லை. அதனால் என்ன, பறக்கும் விமானம் வேண்டும் என்று அமைச்சர் சொல்லவில்லையே என்று லூத்தெக் நினைவுபடுத்தினார். பிம்பெலுக்கு உயிர் வந்தது. மற்ற விமானங்களிலிருந்தும் ஆட்களை இறக்கிவிட்டார். காஸ்பர்தான் பாவமாக நின்றான். அவனை என்ன செய்வது என்று நெடுநேரம் பேசி, 'விமானமில்லா ஆள்' என்று ஒரு புதுப் பதவியை உண்டாக்கி அவனுக்குக் கொடுத்தார்கள். வேறெந்த நாட்டிலும் அப்படியொரு ஆயுதம் கிடையாது என்பதில் பிம்பெலுக்கு ரொம்பப் பெருமை.

இதற்குள் நாடே வயிற்றைக் கட்டி வாங்கிய புத்தம்புது டாங்கி ரயிலில் வந்து இறங்கியது. ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்த்ததும் பிம்பெலுக்குக் கண் கலங்கியது. கையால் தடவிப் பார்த்தார். காதை வைத்துக் கேட்டார். பக்கத்தில் நின்ற அமைச்சர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: "ஜெனரல், நமக்கு மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். எதிரியின் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்."

"பெட்ரோல் பங்கின் பின்னால் நிறுத்தலாமா?" என்றார் விராட்கோ.

"எதிரிக்குப் பெட்ரோல் தேவைப்பட்டால்?"

"காட்டுக்குள்?"

"விறகு தேவைப்பட்டால்?" என்று பிம்பெல் யோசித்தபடி நடந்தார். இடது பக்கமாகச் சாய்ந்து நடந்ததால் ஒரு வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார். வந்ததும் முகம் மலர்ந்தது. "கேளுங்களய்யா! எதிரி எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறான்?"

"நம் பக்கம்."

"அவன் முதுகு?"

"அவன் நாட்டுப் பக்கம்."

"முதுகில் கண் உண்டா?"

விராட்கோவும் லூத்தெக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒரு தளபதி கிடைக்க நாடு என்ன புண்ணியம் செய்ததோ என்று லூத்தெக் முணுமுணுத்தார்.

நட்ட நடுப்பகலில் பிம்பெலே டாங்கியில் ஏறிப் பாலத்தைக் கடந்தார். அக்கரைக் காவல்காரன் குறுக்கே வந்து, "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டான். "உங்கள் கூடாரங்களுக்குப் பின்னால் இதை நிறுத்த வேண்டும், வழி எப்படி?" என்றார் பிம்பெல். அவன் ரொம்ப மரியாதையாக வழி காட்டினான். கிரோவினாப் படையின் சமையல் கூடாரத்துக்குப் பின்னால் நிழல் பார்த்து நிறுத்தினார். அவசரத்துக்குத் தேட வேண்டாமே என்று சாவியை அதிலேயே விட்டுவிட்டு நடந்து திரும்பினார்.

செய்தி கேட்ட அமைச்சர் தொலைபேசியில் கூப்பிட்டார். "இனி நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அறையிலேயே இருங்கள். அங்கிருந்து ஒரு ரகசியமும் வெளியே கசியக் கூடாது. அது போதும் எனக்கு," என்றார்.

கசிவு என்று வந்துவிட்டால் அட்மிரலை விஞ்ச ஆள் கிடையாது. கடலே பார்க்காதவர் என்றாலும் படகு ஓட்டையை அடைப்பது பற்றி நிறையப் படித்திருந்தார். தலைமையகத்து அறையின் ஜன்னல், கதவிடுக்கு, சாவித் துவாரம் எல்லாவற்றையும் தாரும் சணலும் வைத்து அடைத்தார். கடைசியில் கதவையே செங்கல் வைத்துப் பூசிவிட்டார். பூசி முடித்த பிறகுதான் மூவரும் உள்ளே இருப்பது தெரிந்தது.

"ரகசியம் எல்லாம் நம்மிடம்தானே இருக்கிறது? நாம் உள்ளேதான் இருக்க வேண்டும்," என்று பிம்பெல் தேற்றினார். ஆனாலும் தன் பிஸ்கட் டப்பாவை வெளியே வைத்துவிட்டதில் அவருக்கு மனசு ஆறவில்லை.

மறுநாள் தொலைபேசி அலறியது.

"எதிரி ஆற்றைக் கடந்துவிட்டான்! ஜெனரல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்!" என்று கதறினார் அமைச்சர்.

மூவரும் சட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் கடகடவென்று ஒரு சத்தம். சுவர் இடிந்து விழுந்தது. புழுதி அடங்கியபோது ஓட்டைக்குள் அவர்களுடைய புத்தம்புது டாங்கியின் மூக்கு தெரிந்தது. பிம்பெலுக்கு அதன் வேலைத்திறனைப் பார்த்து ஒரு கணம் பூரிப்பாகத்தான் இருந்தது. டாங்கியிலிருந்து கிரோவினாப் படையின் கேப்டன் ஸ்டெலன் கைத்துப்பாக்கியுடன் குதித்து உள்ளே வந்தான்.

"கையைத் தூக்குங்கள்!"

மூவரும் திகைத்தார்கள்.

"யார் கையை?" என்று கிசுகிசுத்தார் விராட்கோ.

"அதைச் சொல்லவில்லையே," என்றார் லூத்தெக்.

"நம் கையைத் தூக்க நமக்குத் தெரியும். இவ்வளவு தூரம் சுவரை உடைத்துக்கொண்டு வந்து சொல்கிறார் என்றால், தம்முடைய கையைத்தான் சொல்கிறார். அதற்கு என்ன வலியோ, பாவம்!" என்றார் பிம்பெல்.

விராட்கோ வலது கையையும் லூத்தெக் இடது கையையும் பிடித்து, ஸ்டெலனின் இரண்டு கைகளையும் மரியாதையாக மேலே தூக்கினார்கள். ஸ்டெலனுக்கு ஒன்றும் புரியவில்லை. கைத்துப்பாக்கி நழுவிக் கீழே விழுந்தது. வெளியே நின்ற அவனுடைய சிப்பாய்கள் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்கள். தங்கள் கேப்டன் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்! உள்ளே என்ன பயங்கரமான படை இருக்கிறதோ என்று நடுங்கி, அத்தனை பேரும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கினார்கள்.

பிம்பெல் தொலைபேசியை எடுத்தார். "அம்மணி, எதிரிப் படை முழுக்கச் சரணடைந்துவிட்டது."

அமைச்சர் மூன்று முறை திரும்பக் கேட்டார். அப்புறம் அழுதுவிட்டார். "ஜெனரல், உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன். உலகமே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கைதிகளுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. நம் ஆட்களைப் போலவே நடத்துங்கள்."

இப்படி ஒரு பாராட்டைப் பிம்பெல் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. இந்த உத்தரவையாவது ஓர் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்ற வேண்டும் என்று உறுதி எடுத்துக்கொண்டார்.

"நம் ஆட்களை எப்படி நடத்துகிறோம்?" என்று கேட்டார்.

"சூப் கொடுக்கிறோம். சீருடை கொடுக்கிறோம். துப்பாக்கி கொடுக்கிறோம்," என்றார் விராட்கோ.

"துப்பாக்கிக்கு இப்போது எங்கே போவது?"

"கீழே கிடக்கிறதே, நிறைய."

அப்படியே கைதிகளிடம் துப்பாக்கிகள் கொடுக்கப்பட்டன. நம் ஆட்கள் வழக்கமாக எங்கெங்கே காவல் நிற்பார்கள் என்று யோசித்து, பாலம், கஜானா, வானொலி நிலையம் எல்லா இடத்துக்கும் கைதிகளை அனுப்பினார்கள். அங்கே நின்றிருந்த சொந்தச் சிப்பாய்கள் இடைஞ்சலாக இருந்ததால் அவர்களுக்கு லீவு கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

கேப்டன் ஸ்டெலன் நம்ப முடியாமல், தயங்கித் தயங்கிக் கேட்டான்: "நாடாளுமன்றத்திலும் நாங்கள் காவல் நிற்கலாமா?"

"உமக்கு மட்டும் பாரபட்சம் காட்டுவேனா?" என்று அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார் பிம்பெல்.

சாயங்காலம் தொலைபேசி மறுபடி அடித்தது. அமைச்சரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"ஜெனரல், நாடாளுமன்றத்தின் மேல் கிரோவினாக் கொடி பறக்கிறது. என்னை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வாசலில் அவனுடைய சிப்பாய் துப்பாக்கியோடு நிற்கிறான்!"

"பயப்படாதீர்கள் அம்மணி, அவன் நம் கைதி," என்றார் பிம்பெல், பெருமை பொங்க. "மதியத்திலிருந்து இடத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை, பார்த்தீர்களா? ஊர் முழுக்க இப்படித்தான் நிற்கிறார்கள். பாலத்து வழியைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஒருத்தன்கூடத் தப்பி ஓடவில்லை. 'உங்கள் நாட்டுக்குப் போய்விடுங்கள்' என்று நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். போகவே மாட்டோம் என்கிறார்கள்!"