கழுத்துப்பட்டை கட்டிய வரையாடு

மேகம் வந்து முட்டிக்கொள்ளும் ஒரு மலை உச்சியில் வரையாட்டுக் கூட்டம் ஒன்று வாழ்ந்தது. நடுவில் புல்வெளி. ஒரு பக்கம் செங்குத்தான பாறைச் சரிவு. மறுபக்கம் புல்லை விழுங்கிப் பரவும் சீகை மரப் புதர். புல்லைத் தின்பது, ஆபத்து வந்தால் பாறைச் சரிவில் தாவி நின்றுகொள்வது, அவ்வளவுதான் பிழைப்பு. அந்தச் சரிவில் சிறுத்தைக்குக் கால் நிற்காது.

ஆபத்து வருகிறதா என்று பார்க்க ஓர் ஆடு உயரமான பாறைமேல் காவல் நிற்கும். ஏதாவது அசைந்தால் விசில் அடிக்கும். முறை வைத்து நிற்க வேண்டிய வேலை அது. ஆனால் முறை வந்த அன்றைக்கென்று ஒவ்வொரு ஆட்டுக்கும் முட்டி வலி வந்துவிடும். கடைசியில் எல்லார் முறையும் ஒற்றைக்கொம்பி என்ற பெட்டையின் தலையில் விழும். மற்றதெல்லாம் மேய்ந்து மொட்டையடித்த புல்லைத்தான் அவள் தின்றாள். பொட்டு என்று அவளுக்கு மூன்று மாதக் குட்டி ஒன்று. அதற்குப் பால் ஊற வேண்டாமா?

ஒருநாள் கூட்டத்தின் பெரிய கிடா வெள்ளிமுதுகன் காணாமல் போனான். மத்தியானம் திரும்பி வந்தபோது கழுத்தில் ஒரு பட்டை. பட்டையில் ஒரு சின்னப் பெட்டி. வனத்துறை ஆட்கள் மயக்க ஊசி போட்டு மாட்டிவிட்டிருந்தார்கள்.

"ஐயோ, எனக்கு என்ன ஆச்சு!" என்று அழுதான் கிடா.

மரத்திலிருந்த கருமந்திக் குரங்கு ஒன்று சிரித்தது. அது தினமும் செக்போஸ்ட் பக்கம் போய், சுற்றுலா வருகிறவர்களின் சிப்ஸையும் பேச்சையும் சேர்த்துத் திருடிக்கொண்டு வரும்.

"யோவ், உனக்கு விஷயமே தெரியாதா? நீதான்யா மாநில விலங்கு! செக்போஸ்ட்ல போர்டே வச்சிருக்காங்க. உன்மேல கை வெச்சா ஜெயில்! நீ எங்க நிக்கிறேன்னு அந்தப் பெட்டி ஆபீஸுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்!"

அழுகை நின்றது. கழுத்து நிமிர்ந்தது. மறுநாள் முதல் வெள்ளிமுதுகன் நடக்கவில்லை, பவனி வந்தான்.

"இனிமே காவல் எதுக்கு?" என்றான். "நம்மளப் பாத்துக்க ஒரு டிபார்ட்மென்ட்டே இருக்கு! ஒற்றைக்கொம்பி, எறங்கி வா! விசில் அடிக்கிறதெல்லாம் பழைய காலம்!"

ஒற்றைக்கொம்பி யோசித்தாள். வனத்துறை ஆட்கள் நல்லவர்கள்தான். அவர்கள் வந்தபிறகு மலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்கவில்லை. கீழே சீகை மரங்களை வெட்டிய இடத்தில் புல் திரும்ப முளைத்திருந்தது.

"சரி, இதெல்லாம் சிறுத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அதான் போர்டு வச்சிருக்காங்கல்ல!"

அவள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் வயிறு காந்தியது. காலைப் பனி சொட்டும் புல் கண்ணெதிரே ஆடியது. இறங்கிவிட்டாள். பல மாதத்துக்குப் பிறகு முதல் வாய் நல்ல புல்! வெட்கமாக இருந்தது. ருசியாகவும் இருந்தது.

நாலாம் நாள் காலை மூடுபனி இறங்கியது. சீகைப் புதரோரம் புல் கொழுத்திருந்தது. அந்தப் பக்கம் போகவே கூடாது என்பது கூட்டத்தின் பழைய கட்டுப்பாடு. வெள்ளிமுதுகன் நேரே அங்கேதான் போனான். பொட்டுவும் துள்ளிக்கொண்டு பின்னால் போனது.

ஒற்றைக்கொம்பி வாய் நிறையப் புல்லோடு தலையைத் தூக்கினாள். புதர் அசைந்தது. காற்று இல்லை. ஆனாலும் அசைந்தது.

புல்லைத் துப்பிவிட்டு விசில் அடித்தாள். கூட்டம் சிதறிப் பாறைச் சரிவுக்கு ஓடியது. வெள்ளிமுதுகன் மட்டும் நகரவில்லை. அவன் நகராததால் பொட்டுவும் நகரவில்லை.

"பயப்படாத, குட்டி. என்கிட்ட பட்டை இருக்கு!" என்றான் அவன்.

பனிக்குள்ளிருந்து சிறுத்தை வந்தது. ஒற்றைக்கொம்பி பாறைச் சரிவுக்குப் போகாமல் சிறுத்தையை நோக்கி ஓடினாள். குட்டியின் பின்புறத்தில் ஓங்கி ஒரு முட்டு! பொட்டு உருண்டு எழுந்து சரிவைப் பார்த்துப் பறந்தது. அவளும் பின்னாலேயே பறந்தாள்.

மிஞ்சியது கிடா.

"நில்! நான் மாநில விலங்கு!"

"அப்படியா? வாழ்த்துகள்!" என்றது சிறுத்தை.

"என்னைத் தொட்டால் ஜெயில்! போர்டைப் படிக்கலையா நீ?"

"எனக்குப் படிப்பு ஏறல, அண்ணே!" என்று சொல்லிக்கொண்டே பாய்ந்தது.

பல் கழுத்துக்குக் குறிவைத்தது. பட்டையில் மாட்டியது. வெள்ளிமுதுகன் அலறிக்கொண்டு சரிவில் குதித்தான். பட்டை அறுந்தது, பாதிக் காதும் போனது. கீழே ஒரு விளிம்பில் அவன் ஒட்டிக்கொண்டு நின்றான்.

மேலே சிறுத்தை பெட்டியைக் கடித்துப் பார்த்தது. "தூ! என்ன கருமம் இது!" என்று துப்பிவிட்டுப் பசியோடு போனது.

இரண்டு நாள் கழித்து வனத்துறை ஆட்கள் ஓடி வந்தார்கள். பெட்டி ஒரே இடத்தில் கிடப்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ரத்தக்கறை படிந்த பட்டையை எடுத்த ஒருவர் தொப்பியைக் கழற்றினார். "நல்ல கிடாப்பா... போயிருச்சே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டையைத் துணியில் பத்திரமாகச் சுற்றி எடுத்துப்போனார்.

சரிவில் நின்ற வெள்ளிமுதுகன் இதையெல்லாம் பார்த்தான்.

"நான் நிஜமாவே செத்திருந்தாலும் இப்படித்தான் ரெண்டு நாள் கழிச்சு வந்திருப்பாங்களா?"

"ஆமா" என்றாள் ஒற்றைக்கொம்பி. "துப்பாக்கிக்காரன அவங்க பாத்துக்குவாங்க. சிறுத்தைய நாமதான் பாக்கணும். வயித்துக்காக நானும் அத மறந்துட்டேன்."

பொட்டு அவள் மடியை முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"நாளைக்கு யார் முறை?" என்று அவள் கேட்டாள்.

வெள்ளிமுதுகன் தொண்டையைச் செருமினான். "எனக்கு முட்டி கொஞ்சம்..." என்று ஆரம்பித்தான். மொத்தக் கூட்டமும் அவனுடைய பாதிக் காதைப் பார்த்தது. மறுநாள் விடிந்ததும் அவன் காவல் பாறைமேல் ஏறி நின்றான்.

நம்மைக் காக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்பதற்காக, நம் கண்ணை நாமே மூடிக்கொள்ளக் கூடாது.