அழகன் தூக்கிய கால்

யானை பொய் சொல்லாது என்று நம்பிய நாடு ஒன்று இருந்தது. வெண்கோட்டுமலை என்று பேர். நம்பிவிட்டுப் போகட்டும், நமக்கென்ன? ஆனால் அந்த யானையின் கழுத்தில் உட்கார்ந்திருந்தவன் சாத்தையன் என்கிற பாகன். ஒன்பது வருஷமாக அவன் பயந்து செத்ததுதான் இந்தக் கதை.

கொலை செய்தவனுக்கு என்ன தண்டனை என்பதில் அந்த நாட்டுச் சபை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. "கொன்றவனை உயிரோடு விட்டால் செத்தவனின் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? தண்டனைக்குப் பயம் இருப்பதால்தான் வணிகர்கள் கணவாயில் தனியாக நடக்கிறார்கள்" என்பார் தளபதி மழவராயர். "சாட்சி தப்பாகப் போனால், சிறையில் இருப்பவனைத் திறந்துவிடலாம். செத்தவனை எந்தக் கதவைத் திறந்து விடுவது?" என்பார் பண்டிதர் நக்கண்ணர். அரசர் மருதவாணருக்கு இரண்டுமே சரியாகப் பட்டன. ஆகவே ஒருவன் கொலைகாரனா, சாக வேண்டுமா என்ற முடிவைப் பட்டத்து யானை அழகனிடம் விட்டுவிட்டார். இளவரசராக இருந்தபோது, அப்போது பாகனாக இருந்த சாத்தையனின் தகப்பனிடம் யானை ஓட்டப் பழகி, இதே அழகனைத் தாமே ஓட்டித் திருவிழா ஊர்வலம் போனவர் அவர். யானை மேல் எவ்வளவு பிரியம் பாருங்கள் என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள்.

முறை சுலபமானது. குற்றம் சாட்டப்பட்டவனின் தலையை மைதானத்துக் கல்லின்மேல் வைப்பார்கள். அழகன் அதற்கு நேர் மேலே காலைத் தூக்கி நிற்கும். காலை நேரே இறக்கினால் அவன் கொலைகாரன். பக்கத்தில் ஊன்றினால் நிரபராதி.

அழகன் எதையும் தானாகச் செய்வதில்லை. காதுக்குப் பின்னால் பாகனின் வலது கால் விரல் அழுந்தினால் அதன் கால் நேரே இறங்கும். இடது விரல் அழுந்தினால் பக்கத்தில் ஊன்றும். இது தனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் என்று நினைத்துச் சாத்தையன் நடுங்கினான். சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால், பாவம், தீர்ப்பு அவனுடையது. என்ன செய்வான்? கூட்டம் எந்தப் பக்கம் கத்தியதோ அந்தப் பக்கம் அவன் விரல் போயிற்று. ஐந்து பேர் செத்தார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். செத்தவர்களில் ஒருவன் குற்றமே செய்யவில்லை என்று ஒரு மாதம் கழித்துத் தெரியவந்தது. "யானை தவறாது. அவன் வேறேதோ பாவம் செய்திருப்பான்" என்று ஊர் தேற்றிக்கொண்டது. சாத்தையனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இன்னொன்றையும் அவன் கவனித்திருந்தான். தீர்ப்பு நாளில் எல்லார் கண்ணும் அழகனின் காலில் இருக்கும். அரசரின் கண் மட்டும் அழகனின் காதோரம் இருக்கும்.

எட்டாவதாக வந்தவன் உப்பு வண்டிக்காரன் இடும்பன். கோட்டைக் காவலாளியைக் குத்திக் கொன்றான் என்று வழக்கு. பார்த்த ஒரே சாட்சி பார்த்ததும் முதுகை மட்டும்தான். அதனால் அன்று காலை மைதானத்தில் யாரும் கத்தவில்லை. ஒரு பக்கம் காவலாளியின் மனைவி, மறு பக்கம் இடும்பனின் மனைவி. நடுவில் அழகன் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சாத்தையன் கூட்டத்தைப் பார்த்தான். பின்பற்ற ஒரு குரல்கூட இல்லை. எதுவும் செய்யாமல் இருந்துவிட்டால் பழி இல்லையே என்று இரண்டு காலையும் காதிலிருந்து எடுத்துக்கொண்டான். அழகனோ உத்தரவுக்குக் காத்து நின்றது. அதன் கால் மெல்ல ஆடத் தொடங்கியது. அசந்தால் தானாகவே இறங்கிவிடும்.

கல்லிலிருந்து இடும்பன் அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, ஆனை நடுங்குதா, நீங்க நடுங்குறீங்களா?"

சாத்தையன் இடது விரலை அழுத்தினான். கால் பக்கத்தில் ஊன்றியது. கூட்டம் "நிரபராதி!" என்று ஆர்ப்பரித்தது. காவலாளியின் மனைவி மட்டும் தரையில் விழுந்து புரண்டாள். "ஆனையும் என்னைக் கைவிட்டுருச்சே!"

அதை அவனால் தாங்க முடியவில்லை. சறுக்கி இறங்கி அவள் முன்னால் மண்டியிட்டான். "அம்மா, ஆனை ஒண்ணும் சொல்லலம்மா. இன்னைக்கும் நான்தான். அந்த அஞ்சு பேருக்கும் நான்தான். எல்லாம் என் கால் விரல் செஞ்சது."

மழவராயர் கொதித்து எழுந்தார். "ஐந்து கொலை! இவன் தலையை அதே கல்லில் வையுங்கள்!" கூட்டமும் இப்போது கத்தத் தொடங்கியது. சாத்தையன் தானாகவே போய்க் கல்லில் தலை வைத்தான். நக்கண்ணர், "இவனையும் கொல்ல வேண்டாம்" என்று கை கூப்பினார்.

அரசர் முகம் வெளிறிக் கேட்டார். "யானையை ஓட்டுவது யார்?"

தளபதி அழகனை நோக்கி நான்கு அடி நடந்து, நின்று, திரும்பினார். "எனக்கு யானை ஓட்டத் தெரியாது." கத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் முன்னால் வரவில்லை.

கதையை இங்கே நிறுத்துகிறேன். நீங்கள் சொல்லுங்கள். விரலை அழுத்திய பாகன், தண்டனை கேட்ட தளபதி, கத்திய கூட்டம், முடிவை யானையிடம் விட்ட அரசர், இவர்களில் அந்த ஐவரைக் கொன்ற பழி யாருக்கு அதிகம்?

விடை: அரசருக்கு. பாகனின் விரலில் பழி இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவன் பயத்தில் செய்தான். தளபதியும் கூட்டமும் யானையை நம்பினார்கள். அரசர் நம்பவில்லை. இதே அழகனை ஓட்டப் பழகியவருக்குக் கால் விரலின் வேலை தெரியாதா? தெரிந்ததால்தான் அவர் கண் காதோரம் போனது. தாம் எடுக்க அஞ்சிய முடிவை வாயில்லாத யானை மேலும், வாய் திறக்க முடியாத பாகன் மேலும் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து ஐந்து முறை பார்த்துக்கொண்டிருந்தார். யானையை ஓட்டுவது யார் என்று கேட்டாரே, அழகனை ஓட்டத் தெரிந்த இன்னொருவர் அந்த மைதானத்தில் இருக்கத்தான் செய்தார். கல்லிலிருந்து தலையைத் தூக்கி, சாத்தையன் அவரைப் பார்த்தான். அரசர் குனிந்து தம் கால் விரல்களைப் பார்த்தார். யானை மேல் ஏறவில்லை.