பனையைக் கட்டிப்பிடித்த ஆல்

முன்னொரு காலத்தில் செம்மணல் நாட்டை மாறவேள் என்றொரு ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் அதில் தன்னைத்தான் பார்ப்பான். மழை பெய்தால் "என்னைப் போல வள்ளல்" என்பான். இடி இடித்தால் "என் குரல்" என்பான். அதற்குத் தலையாட்டவே கொண்டல்நாதர் என்றொரு புலவர் கூடவே திரிந்தார்.

ஒருநாள் பரிவாரத்தோடு போகும்போது ராஜா ஒரு பனையைப் பார்த்தான். காக்கை எச்சத்தில் விழுந்த ஆலம் விதை மட்டை இடுக்கில் முளைத்து, வேர்களால் பனையைச் சுற்றி வளைத்திருந்தது. பனையேறி தவசிக்கண் அதை வெட்ட அரிவாளை ஓங்கினான்.

"நிறுத்தடா!" என்று கத்தினார் புலவர். "மகாராஜா, ஆல்தான் தாங்கள். பனை உங்கள் குடிகள். என்ன அன்பான அணைப்பு! இதை வெட்டுகிறவன் தங்களையே வெட்டுகிறான்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த ஆலைத் தொட்டவன் கை போகும்" என்றான்.

தவசிக்கண் பனையை அண்ணாந்து பார்த்தான். ஆல் இன்னும் இறுக்கினால் பனை பட்டுப்போகும். அவனுடைய ஐந்து பனைகளில் பதநீர் நன்றாகச் சுரப்பது அது ஒன்றுதான். கோடை முழுக்க வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

"தப்புதான் சாமி. அன்பைச் சொல்லித்தந்த புலவரை ஒரு தடவை கட்டிப்பிடிச்சுக்கிடட்டுமா? அந்த ஆல் மாதிரியே?"

புலவர் ஒதுங்கப் பார்த்தார். "பிடி, பிடி!" என்று சிரித்தான் ராஜா.

தவசிக்கண் இறுகக் கட்டிக்கொண்டான். பனையைத் தழுவித் தழுவிக் காய்ப்பேறிய நெஞ்சு, இரும்புக் கை. புலவர் முதலில் பல்லிளித்தார். பிறகு முகம் சிவந்தது. பிறகு, "ஐயோ, விலா எலும்பு! விடச் சொல்லுங்கள் மகாராஜா!"

"விடு அவரை!"

விட்டான். "இவருக்கு வாய் இருக்கு சாமி, கத்திட்டார். பனைக்கு இல்லை."

ராஜா பனையருகே போய் வேருக்கும் மரத்துக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தான். நுழையவில்லை.

"நீயும் தினம் இதைக் கட்டிப்பிடிக்கிறவன்தானே?"

"ஆமா சாமி. ஆனா நான் இறங்கிடுவேன்."

"அப்படியானால் நான் இந்த ஆல்தானா?"

"எனக்கென்ன தெரியும்? கூட இருக்கிறவங்களைக் கேளுங்க."

ராஜா திரும்பிப் பார்த்தான். ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அரிவாளைப் புலவர் கையில் கொடுத்தான். "ஒவ்வொரு வேராக வெட்டும். பனையில் கீறல் விழக்கூடாது." பிறகு பனையேறியிடம், "மாதம் ஒருமுறை அரண்மனைக்கு வா. நான் எங்கே இறுக்குகிறேன் என்று சொல்லு" என்றான்.

"பதநீர்க் காலத்துல வர முடியாது சாமி," என்றான் தவசிக்கண். "மத்த மாசம் வரேன்."