அசையாமல் படுப்பது எப்படி

“என் மிஷின்ல குறை இல்லம்மா. உள்ள படுக்கிறவங்கதான் ஆடுறாங்க” என்றார் தணிகாசலம்.

உடம்பைக் கீறாமல் உள்ளே இருப்பதைப் படம் பிடிக்கும் காந்தக் கருவி அது. சிறிய ஊர் ஆஸ்பத்திரிகளும் வாங்கக்கூடிய ஒன்றைச் செய்யப் பதினேழு வருடம் உழைத்திருந்தார். குழலுக்குள் படுத்திருப்பவர் இருபது நிமிடம் அசையக் கூடாது. அசைந்தால் படம் கலங்கிவிடும்.

சோதனைக்கு வைத்த ஆஸ்பத்திரியில் முப்பது பேரைப் படம் எடுத்ததில் பத்தொன்பது படங்கள் கலங்கியிருந்தன. இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் கருவியை எடுத்துக்கொண்டு போகும்படி ஆஸ்பத்திரி சொல்லிவிட்டது. அது திரும்பி வந்தால் வேறு யாரும் தொடமாட்டார்கள்.

செங்கமலம் அம்மாளின் ஆசிரமத்தில் நூறு பேர் ஒரு மணி நேரம் ஆடாமல் உட்காருகிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார். அம்மாள் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டார். அந்த வித்தையை எழுதிக் கொடுத்தால் நோயாளிகளுக்குச் சொல்லித்தரலாம் என்றார்.

“பாதிப் பேர் தூங்கிடுறாங்க ஐயா. அதைத்தான் ஆடாம இருக்காங்கன்னு வெளியில சொல்லிக்கிறாங்க.”

தணிகாசலம் சிரிக்கவில்லை.

குழலுக்குள் எவ்வளவு இடம் என்று அம்மாள் விசாரித்தார். மூக்குக்கு மேல் ஒரு சாண். சத்தம்? தகரத்தில் சுத்தியல் அடிப்பதுபோல் வரும். இயக்குகிறவர் எங்கே இருப்பார்? அடுத்த அறையில், கண்ணாடிக்குப் பின்னால்.

ஏன் ஆடினீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டதுண்டா என்றார் அம்மாள். படத்தைத்தான் பார்த்தேன் என்றார் தணிகாசலம்.

“நீங்க படுத்துப் பாத்தீங்களா?”

“பூசணிக்காயை வெச்சுப் பாத்தோம். அது ஆடவே இல்லை.”

அம்மாள் அவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அண்டாக்கள் வைக்கும் தாழ்வான பெஞ்சு ஒன்று காலியாகக் கிடந்தது. அதன் அடியில் மல்லாந்து படுக்கச் சொன்னார். மேலே ஒரு ஜமுக்காளத்தை நான்கு பக்கமும் தரையைத் தொடும்படி போர்த்தினார்.

“நான் சொல்ற வரைக்கும் அசையாதீங்க.”

பிறகு இரும்புக் கரண்டியால் பெஞ்சின்மேல் அடித்தார். விட்டு விட்டு அடித்தார். சட்டென்று நிறுத்தினார்.

இருட்டு. மூக்கு அரித்தது. முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. அம்மாள் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். மறந்தும் போயிருக்கலாம்.

“அம்மா” என்று கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார்.

ஜமுக்காளத்தை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

அம்மாள் பெஞ்சை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். கரண்டி மடியில் இருந்தது. சுவர்க் கடிகாரத்தின்படி நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

“கூப்பிட்டேன் இல்ல? இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம். கண்ணாடிக்குப் பின்னால இருக்கிறவர் சொன்னா, உள்ள கேக்குமாய்யா?”

தணிகாசலம் தலையில் ஒட்டியிருந்த ஒட்டடையை எடுத்தபடி நின்றார். குழலிலிருந்து கண்ணாடி அறைக்குப் பதினாறு ஒயர்கள் போகின்றன. பதினாறையும் தன் கையால் இழுத்தவர். எது எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

“பேச்சுக்கு ஒயர் போடலம்மா” என்றார்.